நித்திரையும் கண்பார்வையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நல்லூரில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். அந்த வழியில், குளுக்கோமா பற்றி எளிய தமிழில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு மெல்ல மெல்ல அழிவதே இந்நோய். வெண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். குளுக்கோமாவால் போன பார்வை திரும்பாது. பெரும்பாலும் நோவு இராது. பக்கப்பார்வையே முதலில் குறைவதால் பலர் அறிவதுமில்லை.

கிளினிக்கில் பகலில், நாம் கதிரையில் இருக்கும்போது கண்ணழுத்தத்தை அளக்கிறார்கள். 10 முதல் 21 வரை வழமையான அளவு. படுத்ததும் அது உயர்கிறது. இரவில் உடலின் இரத்த அழுத்தமோ தாழ்கிறது. அது மிகவும் தாழ்ந்தால் பார்வை நரம்புக்குப் போகும் இரத்தம் குறையலாம். பகலில் அளவு சரியாக இருந்தும் சிலருக்குப் பார்வை குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

குறட்டையை நல்ல நித்திரையின் அடையாளம் என்கிறோம். குறட்டையின் நடுவே மூச்சு நின்று, பின் திணறி எழுந்தால் அது நோய். அப்போது இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. பிரித்தானியாவில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, குறட்டை, பகல் தூக்கம், நித்திரையின்மை, மிகக் குறைந்த அல்லது மிகக் கூடிய நித்திரை ஆகியவற்றுக்கும் குளுக்கோமாவுக்கும் தொடர்பு கண்டது. தொடர்புதான்; இவையே காரணம் என்று அது நிறுவவில்லை.

மறுபுறம், குளுக்கோமாவும் நித்திரையைக் கெடுக்கலாம். பகல் இரவை மூளைக்கு உணர்த்தும் விழித்திரைக் கலங்களும் இந்நோயில் பாதிக்கப்படுகின்றன.

சகோதரிகளே, கணவரின் குறட்டையைப் பகிடியாகச் சொல்லும் நாங்கள் எங்கள் குறட்டையை வெட்கத்தால் மறைக்கிறோம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இந்த மூச்சுத்தடை கூடுகிறது. கண் வைத்தியரிடம் அதை மறைக்காதீர்கள். இரவில் பிறஷர் குளிசை எடுப்பதையும் சொல்லுங்கள். நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். துளிமருந்தை ஒருநாளும் தவறவிடாதீர்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால், 40 வயதுக்குமேல் பார்வை நரம்பையும் சேர்த்துக் கண்களைக் கட்டாயம் சோதியுங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளே, அம்மாவுடன் கதைக்கும்போது “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்கிறீர்கள். “நித்திரை எப்படி? கண் காட்டினீங்களோ?” என்றும் கேளுங்கள். அவரை நடுச்சாமம் வரை விழித்திருக்க வைக்காமல் நேரத்தோடு அழையுங்கள்.