தாய்மைக்கு முன்பே தொடங்கும் போசாக்கு

வளர்ந்தவரின் நிறையில் ஏறத்தாழப் பாதி, 10 முதல் 19 வயது வரையான கட்டிளமைப் பருவத்திலேயே உடலில் சேர்வதனால், அக்காலத்தில் போசாக்குக் குன்றிய சிறுமி பின்னர் இரத்தசோகையுடன் தாயாகும்போது, 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடைய குழந்தையைப் பெறும் வாய்ப்பு உயர்கிறது. அக்குழந்தையும் பெண்ணாயின் அக்குறை அடுத்த தலைமுறைக்கும் செல்லக்கூடும் என்பதால், இதனைத் தலைமுறை தாண்டும் மந்தபோசணை என்பர். இலங்கையில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வழங்கப்படும் திரிபோஷா சத்துமா பயனுடையதே. எனினும் அது தாயை வந்தடைவது கருவுற்ற பின்னர்தான். ஆகவே போசாக்குக் கல்வி பாடசாலையிலேயே தொடங்க வேண்டும்.

முத்தையன்கட்டுக் குளத்து நீரில் நெல் விளையும் ஒட்டுசுட்டான் போன்ற பகுதியில், சோற்றைவிட அதனுடன் எது சேர்கிறது என்பதே அக்கல்வியின் மையமாவது பொருத்தம். முருங்கையிலை, பயறு, கௌபி ஆகியவற்றின் இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. தேசிப்புளியோ கொய்யாவோ சேரும்போது அதிலுள்ள உயிர்ச்சத்து சி உறிஞ்சலைக் கூட்ட, உணவுடனோ உண்டவுடனோ குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கிறது. குளத்து மீனின் இரும்போ இவற்றினும் எளிதாக உடலில் சேர்கிறது.

பூப்படைந்த சிறுமிக்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டும் மரபு, எந்தப் பாடநூலுக்கும் முந்திய போசாக்கு அறிவே. ஆனால் அந்தக் கவனிப்பு சில வாரங்களில் ஓய்ந்துவிட, மாதவிடாயால் இழக்கப்படும் இரும்புச்சத்தோ ஒவ்வொரு மாதமும் ஈடுசெய்யப்பட வேண்டியதாக இருக்கிறது.