கோப்பில் கை வைக்கும் முன்



2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை இரவு வாட்ஸ்அப் நின்றுபோனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தோம். ஆனால் கோளாறு நம் போனில் இல்லை. ஃபேஸ்புக் நிறுவனத்தில் வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பையே துண்டித்துவிட்டது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் பிழை. சரியாக சுமார் 6 மணி நேரம் ஆனது. தூரத்திலிருந்து சரிசெய்யும் வழியும் அறுந்துபோனதால், பொறியாளர்கள் நேரிலேயே போகவேண்டி வந்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான்!

நீங்கள் போனில் திறக்கும் சேவைப் பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு சர்வர் உண்டு. அது எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றுதான் சொல்கிறது. அதை 'கான்ஃபிக் ஃபைல்' என்பார்கள். லினக்ஸ் படிக்கும் மாணவர்கள், சின்ன அலுவலகத்தில் சர்வர் பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

என்ஜின்எக்ஸ் கோப்பில் ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும், ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் எழாது. அதனால் முதலில் 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி' கட்டளை கொடுங்கள். பிழை எந்த வரியில் என்று அதுவே காட்டும். பிறகு ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போதும். கோப்பில் பிழை இருந்தால் பழைய அமைப்பே தொடர்ந்து ஓடும். ஆனால் இந்தச் சோதனை எல்லாத் தவறுகளையும் பிடிக்காது. முகவரியைத் தப்பாக, ஆனால் ஒழுங்காக எழுதியிருந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம்.

மாற்றும் முன் கோப்பை நகல் எடுப்பது கட்டாயம். உபுண்டுவில் 'சைட்ஸ்-எனேபிள்டு' ஃபோல்டருக்குள்ளேயே நகலை வைக்காதீர்கள், அதையும் சேர்த்துப் படித்துத் தொலைக்கும்!

தூரத்து சர்வரில் எஸ்எஸ்ஹெச் அமைப்பையே மாற்றுகிறீர்களா? திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போய்ப் பாருங்கள். ஜூனிப்பர் ரூட்டர்களில் இதற்கென்றே 'கமிட் கன்ஃபர்ம்டு' இருக்கிறது. 10 நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால், தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலி போட்டு, அதில் என்ஜின்எக்ஸ் நிறுவுங்கள். வேண்டுமென்றே ஒரு அரைப்புள்ளியை எடுத்துவிட்டு, சோதனைக் கட்டளை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.