விசுவாசத்தின் விலை

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கிறித்தவ வாழ்வில் நற்குணம், இரக்கம், அசையாத விசுவாசம் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். வேதத்தை விளக்கிச் சொல்ல ஆயர் பெருமக்கள் இருக்கின்றனர். நானோ பள்ளிக்கூடத்துக்காரன். சேர்க்கைப் பதிவேட்டில் சமயம், சாதி என்றிருக்கும் சிறு கட்டத்தைப் பற்றிப் பேசவே எனக்குத் தகுதி உண்டு. நம் மக்களின் விசுவாசம் ஆலயத்தைவிட அந்தக் கட்டத்தில்தான் அதிகம் சோதிக்கப்படுகிறது என்பது என் துணிபு.

1853ஆம் ஆண்டில் ஸ்கடர் சகோதரர் மூவர் அமெரிக்க ஆற்காடு மிஷனைத் தொடங்கினர். அதன்பின் வந்தது 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம். அதைச் சுட்டி, நம் முன்னோர் கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்று நகைப்போர் இன்றும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தினரல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது, கிறித்தவருக்குத் திறக்கவில்லை. மதம் மாறிய ஆதிதிராவிடரைத் தமிழ்நாட்டு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. பட்டியல் சாதிக்குரிய வேலை ஒதுக்கீடு இல்லை. தனித்தொகுதியில் நிற்க உரிமை இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் இல்லை. கஞ்சிக்காக வந்தவர்கள் என்றால் இத்தனையும் இழந்த பின் திரும்பியிருக்க வேண்டுமே! திரும்பாதோர் எத்தனை குடும்பத்தார் இந்தப் பந்தலிலேயே அமர்ந்திருக்கிறீர்கள்.

சூசை என்ற ஒரு தொழிலாளியை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையும் மவுண்ட் ரோடும் கூடுமிடத்தில், சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்தவர் அவர். ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறித்தவரானவர். சாலையோரத்தில் செருப்புத் தைப்போருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தரும் திட்டம் ஒன்று வந்தது. இந்துக்களான பட்டியல் சாதியினருக்குக் கிடைத்தது, சூசைக்கு மறுக்கப்பட்டது. அதே வெயில், அதே ஊசி, அதே தோல்தான். ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பார்ப்போம் என்று வேறொருவர் நினைத்திருக்கக்கூடும். அவர் சூசை என்ற தம் பெயரோடேயே உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். (சூசை என்பது யோசேப்பின் பெயர், அவரும் கைத்தொழில் செய்தவரே.) 1985 செப்டம்பர் 30ஆம் நாள் வழக்குத் தோற்றது. மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்றனர் நீதிபதிகள்.

சான்றா இல்லை? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பினார்கள். அன்று நம் மாவட்டத்திலிருந்த எறையூரில், ஒரே ஆலயத்துக் கத்தோலிக்கரிடையே சாதியின் பொருட்டுக் கலவரம் மூண்டு, 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். நம்மை வெளியே தள்ளிய சட்டத்தைக் குறை கூறுமுன், அந்தச் சான்றை நம் சபைகளே உண்டாக்கிக் கொடுத்தன என்பதற்காக வெட்கப்படவேண்டும்.

இனி நான் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. பல்லாண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதம், ஒரு தாய் தம் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் காணும் முகம். கையில் இந்து ஆதிதிராவிடர் என்ற சான்றிதழ். "ஐயா, எம் பொண்ணு நர்சு படிக்கணும். ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். சான்றிதழில் கண்டபடி பதிந்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். சபையில் ஒருவரிடம் அதை ஏளனமாகச் சொன்னேன். அலுவலகத்தில் அறிந்ததை வெளியே சொல்லலாகாது என்ற சிறு ஒழுக்கம்கூட அன்று என்னிடம் இல்லை. அடுத்த திருவிருந்து ஆராதனையில் அப்பத்தையும் ரசத்தையும் பெற அந்த அம்மாள் முன்வரவில்லை. கடைசிப் பாயில் தலைகுனிந்திருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையும் இருக்கவில்லை. நல்ல சமாரியன் கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்தக் கதையில் விலகிப்போன ஆசாரியன் நான்தான்.

பிள்ளைகளே, பொய் எழுதுங்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். கிறித்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படி எழுதுவோர்க்கு ஆபத்து மெய்யானது. சூசை சென்ற வழி நேரானது, நீண்டதும்கூட. 2007இல் அரங்கநாத் மிஸ்ரா ஆணையம் நம் கோரிக்கை நியாயமென்றது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் அதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வழியே நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை, இரு பிள்ளைகளின் பசியை முன்வைத்துக் கட்டத்தில் வேறு சொல் எழுதிய தாயை அளக்கும் கோல் நம் கையில் இல்லை.

அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். "உக்காருங்க ஐயா" என்று முறத்தை நகர்த்தி வைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

நம் சங்கத்து மாலை வகுப்பின் பதிவேட்டில் பெயர், வகுப்பு, தெரு என்று மூன்று கட்டங்களே உண்டு. புதுப் பதிவேடு அச்சடிக்கப் போவதாகச் செயலாளர் கூறினார். நான்காவது கட்டம் ஒன்று சேர்க்க வேண்டாம் என்று கேட்டு அமர்கிறேன்.