சோகையும் சிறுநீரக நோயும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



"வயதாகிவிட்டது, ஆகையால் இளைப்பு" என்று நாம் எளிதிற் சொல்லிவிடும் வார்த்தையைக் குறித்தே இன்று சில கூற விரும்புகின்றேன். என் தமையனாருக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், முகம் வெளுத்திருந்தது. யாங்களும் வயதென்றே எண்ணி, முருங்கைக் கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துவந்தோம். பத்து மாதங் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோதுதான், நெடுநாளைய நீரிழிவு அவர் சிறுநீரகங்களைப் பெரிதும் கெடுத்திருந்தமை விளங்கிற்று. இத்தாமதத்திற்கு யாங்களே பொறுப்பாளிகள்.

சிறுநீரகத்திற்கும் இரத்தத்திற்கும் யாது சம்பந்தம் எனின், அது கழிவைப் பிரிப்பதோடு நில்லாது, எரித்ரோபொயட்டின் என்னும் சுரப்பையும் உண்டாக்குகின்றது. எலும்பு மச்சையில் சிவப்பணுக்கள் பிறப்பதற்கு அதுவே கட்டளை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்களே. கட்டளை குறைந்தால் மடிவனவற்றிற்கு ஈடாகப் புதியவை பிறவா. இந்நிலையிற் கீரையை மாத்திரம் நம்பியிருத்தல், விதையில்லா வயலுக்கு எருவிடுதலை ஒக்கும்.

1977-ஆம் ஆண்டில் கோல்ட்வாஸர், மியாகே முதலிய அறிஞர்கள், ஜப்பானிய நோயாளிகளின் சுமார் 2,550 லிட்டர் சிறுநீரினின்று இச்சுரப்பைச் சில மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்தனர். 1989-இல் அமெரிக்க அரசாங்கம் இதனை ஊசிமருந்தாக அனுமதித்தது. அதற்கு முன்னர்ப் பலர் அடிக்கடி பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே காலங் கழித்தனர்.

எனினும் அமிர்தமும் அளவோடிருத்தல் வேண்டும். 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஹீமோகுளோபினை 13.5 கிராமுக்கு உயர்த்த முயன்றவர்களுக்கு, 11.3 கிராமோடு நிறுத்த முயன்றவர்களைவிட மரணம், இருதயக் கோளாறு முதலிய தீங்குகள் மிகுந்தன. ஆதலின் ஊசியின் அளவும், உடன் வேண்டும் இரும்பின் அளவும் வைத்தியரே நிர்ணயிக்கத்தக்கவை.

அன்பர்களே! நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரில் அல்புமினையும், இரத்தத்திற் கிரியேட்டினினையும் ஹீமோகுளோபினையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஆடவர்க்கு 13 கிராமுக்கும் பெண்டிர்க்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது சோகையே. நம் இல்லங்களில் தாய்மார் தம் களைப்பை மறைப்பது வழக்கம். அவர்களை வற்புறுத்தியாவது அழைத்துச் செல்லுங்கள்.

ஊசியாலும் இரும்பு மருந்தாலும் தேறிய என் தமையனார், இன்று தாமே படியேறி இம்மண்டபத்தில் வந்தமர்ந்திருக்கின்றார். இழந்த சிறுநீரகம் மீளவில்லை. பத்து மாதம் முந்தியிருந்தால் இன்னுஞ் சிறிது மிஞ்சியிருக்கக்கூடும். அந்தப் பத்து மாதத்தை நீங்கள் இழவாதிருக்கவே இவ்வளவுஞ் சொன்னேன்.