1774 கோடைக்காலத்தைத் தாண்டிச் செல்லலாமா?



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும் பெருமையை எனக்குத் தந்திருக்கிறீர்கள். எனக்கு முன் இந்த இடத்தில் நின்று பேசியவர்களின் உழைப்பை அறிந்தவன் என்பதால், காலையிலிருந்தே மனத்தில் ஒரு படபடப்பு இருக்கிறது. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் கருத்தை ஒளிக்காமல் சொல்வதே நான் செய்யக்கூடிய நன்றி என்று கருதுகிறேன்.

குடியேறிகளின் குறைகள் விடுதலைப் போராக மாறிய கதைதான் மாநாட்டின் கருப்பொருள். வட அமெரிக்காவைப் பொறுத்தவரை அதன் படிக்கட்டுகளை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாண்டுப் போர் ஏற்றிவைத்த கடன், 1764-இன் சர்க்கரைச் சட்டம், 1765-இன் முத்திரைச் சட்டம், 1767-இன் டவுன்ஷெண்ட் சுங்கங்கள், 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை. அடுத்து வரும் அமர்வுகளில் இவையெல்லாம் விரிவாகப் பேசப்படும். என் கவலை வேறு. தேயிலை கொட்டப்பட்டதற்கும் 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்ததற்கும் இடையே 16 மாதங்கள் இருக்கின்றன. நம் பாடநூல்கள் அவற்றை ஒரே பத்தியில் தாண்டிவிடுகின்றன. பிரிட்டன் மாசசூசெட்ஸை இழந்தது அந்த மாதங்களில்தான் என்பது என் வாதம்.

தேயிலைக்குத் தண்டனையாகப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் பாஸ்டன் துறைமுகத்தை மூடிய சட்டத்தையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதனோடு வந்த மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம்தான் ஊரை ஊராக எழுப்பியது. 1691-ஆம் ஆண்டுச் சாசனப்படி ஆலோசனைச் சபையை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துவந்தார்கள். இனி அரசரே நியமிப்பார். ஆளுநரின் அனுமதி இல்லாமல் ஓர் ஊர் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஊர்க்கூட்டம் கூட்டக் கூடாது. ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த ஜூரிகளுக்குப் பதிலாக, ஆளுநர் நியமிக்கும் ஷெரீப் ஜூரிகளைப் பொறுக்குவார். கீழ் நீதிமன்ற நீதிபதிகளை வைப்பதும் நீக்குவதும் ஆளுநர் கையில். பாஸ்டனுக்கு வெகுதூரத்தில் உழுதுகொண்டிருந்த விவசாயிக்குத் துறைமுகம் மூடப்பட்டது அயலூர்ச் செய்தி. தன் கடன் வழக்கையும் நில வழக்கையும் யார் விசாரிப்பார் என்பது அவன் வீட்டுச் செய்தி.

சட்டம் ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 16-ஆம் தேதி கிரேட் பாரிங்டனில் ஏறத்தாழ 1,500 பேர் திரண்டு நீதிமன்றம் நடக்கவிடாமல் தடுத்தார்கள். மாத இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டிலும் அதேதான் நடந்தது. பாஸ்டனிலேயே ஜூரிகளாக அழைக்கப்பட்டவர்கள் உறுதிமொழி எடுக்க மறுத்தார்கள். மறுத்தவர்களில் பால் ரெவியரும் ஒருவர். செப்டம்பர் 6 அன்று ஊஸ்டரில் 37 ஊர்களின் ஊர்ப்படைகள் கூடின. அங்கே இருந்த பிரெக் பார்க்மன் எண்ணிக் குறித்துவைத்த தலைகள் 4,622. சாலையின் இருபுறமும் அவர்கள் அணிவகுத்து நிற்க, நீதிபதிகளும் அலுவலர்களும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ் பணியாற்ற மாட்டோம் என்று முப்பது முறைக்கு மேல் வாசித்துக் காட்டினார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை. அங்கே படை அனுப்ப எண்ணியிருந்த ஆளுநர் கேஜ் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 4 அன்று, ஊஸ்டர் ஊர்க்கூட்டம் மாகாணப் பேரவைக்கான தன் பிரதிநிதியான கொல்லர் டிமோதி பிகலோவுக்கு எழுத்தில் கட்டளையிட்டது: பழைய ஆட்சியமைப்பு கலைந்துவிட்டதாகக் கொண்டு புதிய ஆட்சியை அமைக்கப் பாடுபட வேண்டும். சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் 21 மாதங்கள் இருந்தன.

இவையெல்லாம் எங்கோ புதைந்து கிடந்த தாள்கள் அல்ல. வில்லியம் லிங்கன் பதிப்பித்து 1838-இல் பாஸ்டனில் அச்சான மாசசூசெட்ஸ் மாகாணப் பேரவைகளின் குறிப்பேட்டுத் தொகுதியில், அந்த ஆண்டு கூடிய கவுண்டி மாநாடுகளின் நடவடிக்கைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தொகுதியை நாம் போதிய அளவு படிக்கவில்லை.

பெர்னார்ட் பெய்லினிடம் நாம் எல்லோரும் பாடம் கற்றவர்கள். 1967-இல் வந்த அவருடைய நூல், புரட்சியின் சிந்தனையைத் துண்டுப்பிரசுரங்களிலிருந்து மீட்டெடுத்தது. ஆனால் அந்தப் பிரசுரங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள், மதகுருமார்கள், வணிகர்கள். நீதிமன்ற வாசலில் நின்றவர்களின் குரலை அவற்றில் மட்டும் தேடினால் கிடைக்காது. மூத்த ஷ்லெசிஞ்சர் 1918-இல் வணிகர்களை மையத்தில் நிறுத்தினார். அந்த நூல் தரும் விவரங்களுக்கு இன்றும் ஈடு இல்லை. ஆனால் டவுன்ஷெண்ட் சுங்கங்களில் தேயிலை தவிர மற்றவை 1770-இல் நீக்கப்பட்டதும் வணிகர்களின் புறக்கணிப்பு ஒப்பந்தங்கள் கலைந்துபோனதை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். வரி பற்றிய குறை வரி நீக்கத்தோடு தணிந்தது. 1774-இன் குறை அப்படித் தணியவில்லை.

இதே மேடையில் ஒரு மூத்த அறிஞர் என் கட்டுரைக்கு மறுமொழி சொன்னபோது, ஆட்சிச் சட்டமும் தேயிலையின் விளைவுதானே, ஆகவே வேர் வரிதான் என்றார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. அன்று நேரம் இல்லாததால் சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன். வேர் வரிதான் என்றால், வரியைக் கைவிட்டிருந்தால் அமைதி வந்திருக்க வேண்டும். 1775 பிப்ரவரியில் பிரதமர் நார்த் அதைத்தான் முன்வைத்தார்: பொதுப் பாதுகாப்புக்கும் தங்கள் ஆட்சிச் செலவுக்கும் மாகாணங்களே பணம் ஒதுக்கினால், பாராளுமன்றம் வருவாய்க்காக வரி விதிக்காது. மாசசூசெட்ஸின் ஆட்சியமைப்பைக் குலைத்த சட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஜூலை 31 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் கூடியிருந்த குடியேற்ற மாகாணங்களின் காங்கிரஸ் அதை நிராகரித்தது. ஜெஃபர்சன் வரைந்த அந்த மறுமொழி, சாசனங்களையும் ஆட்சி முறையையும் மாற்றும் உரிமையைப் பாராளுமன்றம் விட்டுக்கொடுக்காதவரை தங்கள் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பே இல்லை என்று வாதிட்டது. 1778-இல் வரி உரிமையையும் விட்டு, ஆட்சிச் சட்டத்தையும் லண்டன் ரத்து செய்தபோது, கேட்பதற்கு அங்கே குடிமக்கள் யாரும் மிச்சமில்லை.

பிரகடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடுக்கப்பட்ட 27 குற்றச்சாட்டுகளில் சம்மதமின்றி வரி விதித்தது ஒன்று. கலைக்கப்பட்ட சட்டமன்றங்கள், அரசரை நம்பி வாழும் நீதிபதிகள், பறிக்கப்பட்ட ஜூரி விசாரணை, மாற்றப்பட்ட சாசனங்கள் எல்லாம் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. 1776 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஊர்களும் கவுண்டிகளும் மாகாணங்களும் வெளியிட்ட ஏறத்தாழ 90 பிரகடனங்களைப் பாலின் மேயர் 1997-இல் பட்டியலிட்ட பிறகும், ஃபிலடெல்ஃபியாவில் அமர்ந்திருந்த சிலர்தான் சுதந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவது நியாயமல்ல.

என் வாதத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இது போர் தொடங்கிய மாகாணத்தின் கதை. வர்ஜீனியாவில், கிளர்ச்சியில் இறங்கிய எஜமானரை விட்டு அரசர் தரப்பில் ஆயுதம் ஏந்தும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775 நவம்பரில் டன்மோர் பிரபு அறிவித்தது பண்ணையாரின் குறையாகிறது. அடிமைக்கு அதே அறிவிப்பு நம்பிக்கை. மேற்கே, 1763-இல் அரசர் வகுத்த எல்லைக்கோடு நிலம் தேடியவர்களுக்குக் குறை, பூர்வகுடிகளுக்கு அரண். யாருடைய குறை போருக்கு இட்டுச் சென்றது என்று கேட்கும்போது, யாருடைய குறை கேட்கப்படவே இல்லை என்பதையும் இந்த மாநாடு கேட்க வேண்டும். இன்று பிற்பகல் அமர்வில் அதற்கு இடம் இருக்கிறது.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். 1774-இன் கவுண்டித் தீர்மானங்கள் தமிழில் முழுமையாக வர வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்தால் முடிகிற வேலை இது. முன்வருகிறவர்கள் மாலைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என்னிடமுள்ள நூல்களையும் குறிப்புகளையும் முழுவதுமாகத் தருகிறேன்.