குச்சிக்கிழங்கின் ஜீவ அணு



சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்குத் தழையைப் பச்சையாக மேய்ந்த ஆடு சிறிது நேரத்தில் சுருண்டு விழுந்து மடிவதுண்டு. காரணம் அத்தழையின் ஜீவ அணுக்களில் உள்ளது.

தாவரத்தின் ஜீவ அணு கண்ணுக்குப் புலப்படாத ஓர் அறை. சுற்றிலும் சுவர், அதனையொட்டி மெல்லிய சவ்வு, உள்ளே கூழ் போன்ற ஜீவரசம், அணுவை நடத்தும் உட்கரு, சாறு நிறைந்த குமிழ். கிழங்கின் அணுக்களில் மாவுமணிகளும் செறிந்திருக்கும். ஆலையில் கிழங்கை அரைப்பது அச்சுவரை உடைத்து மாவை வெளிப்படுத்துவதற்கே. சேலத்தில் 1981-ஆம் ஆண்டு தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் விலையாகும் ஜவ்வரிசி அம்மாவே. திப்பியோ உடைந்த சுவர்களும் எஞ்சிய மாவும்.

விஷம் அணுவில் ஆயத்தமாக இருப்பதில்லை. சாற்றுக்குமிழில் லினமாரின் என்னும் பொருளும், சுவரில் அதைப் பிளக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. ஆடு மெல்லும்போது அறை நொறுங்கி இரண்டும் கலக்க, ஹைட்ரோசயானிக் அமிலம் பிறக்கிறது. அது ஆட்டின் ஜீவ அணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் வழியை அடைத்துவிடும். இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் ஆடு திணறி மடிகிறது!

தழையை நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்தினால் விஷம் பெரும்பாலும் ஆவியாய்ப் போய்விடும். பசித்த ஆட்டைப் பச்சைத் தழையருகே விடலாகாது. தள்ளாடி மூச்சிரைக்கும் ஆட்டைத் தாமதியாது கால்நடை வைத்தியரிடம் சேர்த்தல் வேண்டும். மாற்று மருந்து உண்டு. நேரந்தான் மிகக் குறைவு.