விளக்கைப் பாருங்கள், பிறகு சாவியைத் திருப்புங்கள்

1985-இல் அறிமுகமான புரோட்டோன் சாகா போல, உங்கள் வீட்டிலும் பழைய காடி இருக்கிறதா? ஒரு நாள் உடனே கிளம்பும். மறுநாள் முரண்டு பிடிக்கும். உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள்.

முதலில் காடியின் உள்விளக்கைப் போடுங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். விளக்கைப் பாருங்கள். எஞ்சின் சுற்றாமல் விளக்கு மட்டும் மங்கிப்போகிறதா? பேட்டரி பலவீனமாக இருக்கலாம். அல்லது அதன் முனைகளில் வெள்ளையாகப் பூத்து, பிடி தளர்ந்திருக்கலாம். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், குழாய் அடைத்தால் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்? அப்படித்தான் இதுவும். முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பலமுறை சரியாகிவிடும்.

விளக்கு மங்கவே இல்லையா? அப்படியானால் கோளாறு ஸ்டார்ட்டர் பக்கமோ சாவி சுவிட்ச் பக்கமோ இருக்கலாம். பார்த்ததை அப்படியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். முதலில் விளக்கு, பிறகுதான் செலவு.